வேலூர்ப் பக்கம் பனி பெய்த ஏழு நாட்கள்

டிசம்பர் 20, 2025, சனி (மார்கழி 5) – காவலூர்

வேலூர்ப் பக்கம் போகிறோம் என்றதும் தூத்துக்குடியில் எங்கள் தெருவே ஒன்று கூடி, அந்த ஊருக்கு இரண்டே காலங்கள்தாம், ஒன்று வெயில் காலம், மற்றொன்று கடும் வெயில் காலம் என்று சொல்லி அனுப்பியது. அதை நம்பி நானும் என் தங்கையும் கம்பளிச் சட்டைகளைப் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இரண்டு பருத்திப் புடவைகளை வைத்துக்கொண்டோம். மார்கழிப் பனி சவ்வாது மலையில் எப்படி இறங்கும் என்பது முப்பது ஆண்டு புவியியல் கற்பித்த எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

காவலூரில் உள்ள வைணு பாப்பு வானாய்வகத்தைப் பார்ப்பது என் நெடுநாள் ஆசை. 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி 1986 முதல் அங்கே இயங்குகிறது. நேற்றுதான் அமாவாசை என்பதால் நிலவொளியின் தொந்தரவு இருக்காது என்று நாள் பார்த்துப் போனோம். ஆனால் மாலை ஐந்து மணிக்கெல்லாம் மேகம் மூடிக்கொண்டது. பெரிய குவிமாடத்தைச் சுற்றிப் பார்த்தோம், கேட்ட கேள்விக்கெல்லாம் பொறுமையாகப் பதில் கிடைத்தது, வானம் மட்டும் திறக்கவில்லை.

திரும்பும் வழியில் ஆலங்காயத்துக்குப் பாதி தொலைவில் ஆட்டோவின் சக்கரம் பஞ்சர் ஆனது. ஓட்டுநர் மாற்றுச் சக்கரத்தை மாட்டத் தொடங்கினார். நாங்கள் கைகளைத் தேய்த்துக்கொண்டு சாலையோரம் நிற்பதைக் கண்டு, எதிரே ஓட்டு வீட்டின் திண்ணையிலிருந்து ஓர் அம்மாள் எழுந்து வந்தார். "இன்னாம்மா, இந்தப் பனியில தலைக்கு ஒண்ணும் கட்டாம வந்துட்டு கீறீங்க? வாங்க, வந்து நெருப்புகிட்ட உக்காருங்க" என்றார். அவர் அழைத்த குரலில், மறுத்தால் கோபித்துக்கொள்வார் என்பது தெரிந்தது. முற்றத்தில் சோளத்தட்டையும் சுள்ளியும் எரிந்துகொண்டிருந்தன. நசுக்கிய சுக்கு, மிளகு, துளசி, ஒரு கட்டி வெல்லம் எல்லாம் போட்டுக் கொதிக்கவைத்த நீரைச் சிறிய எவர்சில்வர் டம்ளர்களில் ஊற்றிக் கொடுத்தார். டம்ளரின் விளிம்பைத் தொட முடியாத சூடு. புடவைத் தலைப்பைச் சுற்றித்தான் பிடித்தோம். அந்த மலைக்காரர்கள் அப்போதுதான் சாமை அறுப்பை முடித்திருந்தார்கள். திண்ணையில் மூட்டைகள் அடுக்கியிருந்தன. பனி விழத் தொடங்கிவிட்டால் பிள்ளைகளுக்கு விடிந்ததும் இந்தத் தண்ணீர்தான், பாலும் தேநீரும் பிறகுதான் என்றார் அவர்.

பாதி டம்ளர் குடிப்பதற்குள் மேகம் விலகியது. தொலைநோக்கி காட்டாததை வெறும் கண் காட்டியது: கிழக்கே சிவந்த ஒளியுடன் திருவாதிரை, அதற்கு மேலே கொத்தாகக் கார்த்திகை. திருவாதிரை விண்மீன் 2019-ஆம் ஆண்டு இறுதியிலிருந்து சில மாதங்கள் தன்னிலிருந்து வெளியேறிய தூசியால் வெகுவாக மங்கிப் பிறகு ஒளிர்ந்ததை அந்த அம்மாளிடம் சொன்னேன். அவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, "அதுக்கும் சளி புடிச்சிருக்கும்" என்றார். வரும் சனவரி 3-ஆம் நாள் முழுநிலவு அந்த விண்மீனின் பக்கம் வரும்போதுதான் ஆருத்ரா தரிசனம். வீடுகளில் களி கிண்டுவார்கள். காசு நீட்டினேன். வாங்கவில்லை. "வழியில நின்னவங்ககிட்ட காசு வாங்கினா நல்லாவா இருக்கும்?" என்று கேட்டார். அதற்கு மேல் நீட்டினால் அவமதிப்பாகும் என்று கையை மடக்கிக்கொண்டேன்.

டிசம்பர் 21, ஞாயிறு (மார்கழி 6) – ஏலகிரி

பொன்னேரியிலிருந்து மலை ஏறும் சாலையில் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு புலவர் பெயரோ கடையெழு வள்ளல்களுள் ஒருவர் பெயரோ சூட்டியிருக்கிறார்கள். பேகன் வளைவு வந்ததும் தங்கை என்னை இடித்துக் காட்டினாள். குளிரில் நடுங்குகிறதென்று எண்ணி மயிலுக்குப் போர்வை கொடுத்தவன் அவன். ஜன்னல் கண்ணாடி மூடாத பேருந்தில் அந்தப் பெயர்ப் பலகையைக் கடந்தபோது, அவன் செய்தது எவ்வளவு சரியான காரியம் என்று மனமாரத் தோன்றியது. மயிலுக்குப் போர்வை தேவையா என்று வகுப்பில் பிள்ளைகள் கேட்கும்போது நான் சிரித்திருக்கிறேன். இனிச் சிரிக்க மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் அறை வாடகை 1,800 ரூபாய். இரண்டு கம்பளிகளுக்குத் தனியாக நூறு ரூபாய் கேட்டார்கள். மனமுவந்து கொடுத்தோம். தேநீர் 15 ரூபாய், இஞ்சி தட்டிப் போட்டால் 20. பலாவும் சப்போட்டாவும் நிறைந்த தோட்டங்களின் மேல் மாலை நான்கரைக்கே மூடுபனி இறங்கிவிட்டது.

இன்று தான் ஆண்டிலேயே மிக நீண்ட இரவு. சூரியன் தெற்கே தன் எல்லையைத் தொட்டுத் திரும்பும் நேரம் இந்திய நேரப்படி இரவு 8.33. வட ஐரோப்பாவில் இந்த நாளுக்குப் பகல் சில மணி நேரமே இருக்கும். அதனால்தான் அங்கே விளக்கும் விறகும் சூடான திராட்சை மதுவுமாக இந்த இரவைக் கொண்டாடும் வழக்கம் வேரூன்றியது. நம் அகலாங்கில் பகல் பதினொன்றே கால் மணி நேரத்துக்குக் குறைவதில்லை, ஆகவே யாரும் கவனிப்பதில்லை. ஆனால் நம்மிடமும் இந்தத் திருப்பம் இருக்கிறது. அது தை முதல் நாளுக்குப் போய்விட்டது. நம் நாட்காட்டி விண்மீன்களை ஒட்டி நடப்பது. பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதால் சூரியன் திரும்பும் புள்ளி ஏறத்தாழ 72 ஆண்டுகளுக்கு ஒரு பாகை வீதம் பின்னோக்கி நகர்கிறது. சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன் மகர சங்கராந்தியும் இந்த நாளும் ஒன்றாக இருந்தன. இப்போது 24 நாள் இடைவெளி விழுந்துவிட்டது. விடுதி வராந்தாவில் அமர்ந்திருந்த ஓசூர்க் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இதை ஆரஞ்சுப் பழத்தில் பென்சில் குத்திச் சுழற்றிக் காட்டினேன். 8.33 ஆனதும் அந்தப் பெண்பிள்ளை தன் மிளகுப் பால் டம்ளரை உயர்த்திப் பிடித்து, "திரும்பிடுச்சா மிஸ்?" என்றாள். திரும்பிவிட்டது என்றேன். எல்லோரும் குடித்தோம். அவ்வளவுதான் விழா, ஆனால் நான் இதுவரை இந்த நாளை இவ்வளவு பேரோடு கழித்ததில்லை.

டிசம்பர் 22, திங்கள் (மார்கழி 7) – ஏலகிரி

விடியும்போதே தொண்டை கட்டி, உடம்பு கனன்றது. படகுத்துறைக்குப் போகும் திட்டத்தைக் கைவிட்டோம்.

விடுதியின் சமையற்கட்டை நடத்தும் அக்கா என் குரலைக் கேட்ட மாத்திரத்தில் முறத்துடன் வேலியோரம் போய்த் தூதுவளை பறித்துவந்தார். நான் சமையற்கட்டு வாசலிலேயே நாற்காலி போட்டுப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து பார்த்தேன். தூதுவளை இலையின் அடியில், நடு நரம்பை ஒட்டிக் கொக்கி போன்ற முட்கள் இருக்கும். அவற்றை அவர் சிறு கத்தரிக்கோலால் ஒவ்வொன்றாக நறுக்கி எடுத்தார். ஒரு கைப்பிடி இலைக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. அவசரப்படவே இல்லை. பிறகு நெய்யில் இலையைச் சுருள வதக்கி, மிளகு, சீரகம், நாலு பல் பூண்டு சேர்த்து அம்மியில் அரைத்து, புளியைக் குறைவாகக் கரைத்து, நுரை கட்டும்போது இறக்கினார். கொதிக்க விட்டால் ரசம் செத்துப்போகும் என்றார். எங்கள் பக்கத்திலும் அதையே சொல்வார்கள். முதல் டம்ளரில் கசப்பு தெரிந்தது, இரண்டாவதில் மிளகு தெரிந்தது, மூன்றாவதில் மூக்கு திறந்தது.

அவர் பேச்சுவாக்கில் தன் ஊர் மார்கழியைச் சொன்னார். வாசலில் சாணம் தெளித்துக் கோலமிட்டு, சாண உருண்டையில் பூசணிப்பூ செருகி வைப்பதும், மாலையில் அந்த உருண்டையைத் தட்டிக் காயவைப்பதும், அப்படி மாதம் முழுவதும் சேர்ந்த வரட்டியைப் பொங்கல் பானைக்கு எரிப்பதும் அவர் வீட்டில் இன்றும் உண்டு. பிள்ளைகள் இப்போது வண்ணப்பொடியில்தான் அக்கறை காட்டுகிறார்கள், சாணத்தைத் தொடக் கூசுகிறார்கள் என்று வருந்தினார். பூவை வைப்பது அழகுக்கு மட்டுமன்று, அந்தப் பனிக்காலை எத்தனை நாள் எழுந்தோம் என்பதற்கு அந்த வரட்டிதான் கணக்கு என்று அவர் சொன்னது எனக்கு மிகவும் பிடித்தது.

டிசம்பர் 23, செவ்வாய் (மார்கழி 8) – ஜோலார்பேட்டை

உடம்பு தேறியது. மலையிறங்கி ஜோலார்பேட்டைக்கு வந்தோம். தங்கையுடன் பணிபுரிந்த ஆசிரியை ஒருவரின் பெரியம்மா, எண்பதைத் தாண்டிய ஆங்கிலோ இந்திய மூதாட்டி, இங்கே தனியாக வாழ்கிறார். ரயில் சந்திப்பாக இந்த ஊர் வளர்ந்த காலத்தில் ஓட்டுநர்களும் கார்டுகளுமாக அவர்கள் பலர் இங்கே குடியிருந்தார்கள். விடுதலைக்குப் பின் பெரும்பாலோர் இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போய்விட்டார்கள்.

நாங்கள் போனபோது ஆன்ட்டி ஜிஞ்சர் ஒயின் காய்ச்சிக்கொண்டிருந்தார். பெயரில்தான் ஒயின், அதில் மது கிடையாது. கால் கிலோ இஞ்சியைத் தட்டி, எட்டு வரமிளகாய், லவங்கம், பட்டை சேர்த்து ஒரு மணி நேரம் வேகவிட்டு வடிகட்டியிருந்தார். நாங்கள் பார்க்கக் கிடைத்தது கடைசிக் கட்டம். தனி இரும்புச் சட்டியில் ஒரு கை சர்க்கரையைத் தண்ணீரில்லாமல் போட்டார். அது உருகிப் பொன்னிறமாகி, சிவந்து, பிறகு கருஞ்சிவப்பாகிப் புகைந்தது. "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார். எரிந்துபோயிற்று என்று நான் நினைத்த அந்தக் கணத்தில்தான் வெந்நீரை ஊற்றினார். சட்டி சீறியது, வீடு முழுதும் பாகு மணம். அந்தக் கருகல் பாகைக் கலந்த பிறகுதான் இஞ்சிச் சாற்றுக்குத் தேக்கு மர நிறம் வந்தது. எலுமிச்சை பிழிந்து, ஆறவைத்து, கண்ணாடிப் புட்டிகளில் நிரப்பினோம். சிறிய கிண்ணக் கோப்பையில் ஒரு வாய்தான் கொடுத்தார். இஞ்சி நாக்கிலும் மிளகாய் தொண்டையிலும் தனித்தனியாக நின்றன. நேற்றைய தூதுவளைக்கு இது தம்பி முறை.

பிறகு குல்குல் செய்ய உட்கார்ந்தோம். மைதாவும் தேங்காய்ப்பாலும் பிசைந்த மாவைக் கோலிக்குண்டு அளவு எடுத்து, முள்கரண்டியின் முதுகில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்திச் சுருட்டினால் சங்கு போல வரும். எனக்குப் பத்தில் மூன்று தேறின. ஆன்ட்டி கண்ணை மூடிக்கொண்டே சுருட்டினார். அவர் அக்கா பெர்த் நகரில் இருக்கிறார். அங்கே கிறிஸ்துமஸ் கோடை நடுவில் வருவதால் ஐஸ் போட்ட பழச்சாறுதான் குடிப்பார்களாம். குளிரில் கொண்டாட வேண்டும் என்ற ஏக்கத்தில் சிலர் அங்கே ஜூலையில் ஒருமுறை விருந்து வைக்கிறார்கள். "என் அக்கா போன்ல கேக்குறா, ஜோலார்பேட்டையில பனி விழுதான்னு. கிறிஸ்துமஸ் எப்படின்னு கேக்கலை, பனிதான் கேக்குறா" என்றார். சொல்லிவிட்டு வெகுநேரம் ஜன்னலைப் பார்த்திருந்தார். ரயில் ஒன்று போகும் சத்தம் கேட்டது.

டிசம்பர் 24, புதன் (மார்கழி 9) – ஆம்பூர், வேலூர்

ஆம்பூரில் இறங்கியது சீரகச் சம்பா பிரியாணிக்காக மட்டுமே. தட்டு 190 ரூபாய், கூடவே புளிப்பும் எள்ளும் கலந்த கத்தரிக்காய்த் தொக்கு. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற வேலூர் முள்ளுக் கத்தரிக்காயா என்று கேட்டேன். பரிமாறியவர், "இது சந்தைக் காய்ங்கம்மா, முள்ளுக்கத்தரி எல்லா நாளும் கிடைக்காது" என்று உண்மையைச் சொன்னார். ஆமென்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன்.

வேலூரில் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் தமிழுக்கு இணையாக வங்காளமும் இந்தியும் பலகைகளில் இருக்கின்றன. 1900-இல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையுடன் தொடங்கிய இடம் அது. இன்று வங்கத்திலிருந்தும் சார்க்கண்டிலிருந்தும் வந்து மாதக்கணக்கில் தங்கிச் சிகிச்சை பெறுகிறார்கள். எங்கள் விடுதியின் மாடியிலும் அப்படி ஒரு பெரியவர், மனைவியின் சிகிச்சைக்காக வந்து மூன்று வாரமாக இருக்கிறார். பர்த்வான் பக்கத்துக்காரர். மொட்டை மாடியில் துணி உலர்த்தப் போனபோது, குளிர்காய்ந்தபடி பேசத் தொடங்கினோம். அவருடைய அரைகுறைத் தமிழும் என்னுடைய அரைகுறை இந்தியும் போதுமானவையாக இருந்தன.

அவர் ஊரில் குளிர்கால பானம் ஈச்சமரத்துப் பதநீர். மாலையில் மண்கலயம் கட்டி, விடியுமுன் இறக்கி, வெயில் படுவதற்குள் குடித்துவிட வேண்டும், பிந்தினால் புளித்துவிடும். குளிர் எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு இனிப்பு என்றார். அதைக் காய்ச்சினால் வருவது நொலேன் குர் என்னும் வெல்லம். நான் தூத்துக்குடிக்காரி, பனையோடு வளர்ந்தவள். எங்கள் பதநீர் கோடைக்கு, புளிக்காமலிருக்கக் கலயத்தில் சுண்ணாம்பு தடவுவோம் என்றேன். அவருக்கு அது புதிய செய்தி. ஒரே குடும்பத்து மரங்கள், ஒன்று பனியில் சுரக்கிறது, ஒன்று வெயிலில். அறைக்குள் போய்க் காகிதப் பொட்டலத்தைக் கொண்டுவந்து, தன் மகன் கொரியரில் அனுப்பிய வெல்லத்தில் ஒரு துண்டைக் கிள்ளி என் உள்ளங்கையில் வைத்தார். புகைமணமும் பாலில் ஊறிய பேரீச்சம்பழ மணமும் கலந்த இனிப்பு. தை முதல் நாளில் அவர்கள் வீட்டில் பௌஷ் சங்கராந்தி; அரிசி மாவில் தேங்காயும் இந்த வெல்லமும் பொதிந்து பிட்டே செய்வார்கள். இந்த முறை அந்த நாளிலும் இங்கேதான் இருப்போம் என்றபோது அவர் குரல் தாழ்ந்தது. நான் எங்கள் கருப்பட்டியைப் பற்றிச் சொல்லிப் பேச்சை மாற்றினேன்.

இரவு பதினொன்றரைக்குப் பக்கத்துத் தெரு தேவாலயத்தின் ஆராதனைக்குப் போனோம். இடமில்லாமல் வாசலில் நின்றவர்களுக்குத் தெருவே கோயிலாயிற்று. முழந்தாள் வரை வெள்ளைப் பனியென்று தமிழில் பாடும் பாட்டு எதுவும் இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். ஆனால் பாடுபவர்களின் வாயிலிருந்து புகைபோல மூச்சு வந்தது. முடிந்ததும் பெரிய அண்டாவிலிருந்து எல்லோருக்கும் காபியும் ஆளுக்கொரு கேக் துண்டும். "நீங்க எந்தச் சபை?" என்று யாரும் கேட்கவில்லை; "சூடா இருக்கா?" என்றுதான் கேட்டார்கள்.

டிசம்பர் 25, வியாழன் (மார்கழி 10) – வேலூர்

மூன்று மணி நேரம் தூங்கி, ஐந்து மணிக்குக் கோட்டைக்குள் போனோம். ஒரே மதிலுக்குள் சலகண்டேசுவரர் கோயிலும், 1846-இல் எழுந்த தூய யோவான் தேவாலயமும், ஒரு மசூதியும் இருக்கின்றன. அரசனில்லாக் கோட்டை, சாமியில்லாக் கோயில், நீரில்லா ஆறு என்று வேலூரைப் பற்றி ஒரு பழம்பேச்சு உண்டு. 1981-இல் இலிங்கத்தைத் திரும்ப நிறுவியதிலிருந்து நடுப்பகுதி பொய்த்துவிட்டது. அந்த ஆண்டில் தன் பாட்டியின் தோளில் உட்கார்ந்து கூட்டத்தைப் பார்த்ததாக, வரிசையில் எங்களுக்கு முன் நின்ற ஒருவர் சொன்னார்.

திருவெம்பாவை ஓதி முடிந்ததும் தொன்னையில் வெண்பொங்கல். மிளகு முழுதாகக் கடிபட்டது. கருங்கல் தரையின் சில்லிப்பு உள்ளங்காலிலிருந்து முழங்கால் வரை ஏறியதால் அந்தச் சூட்டுக்கு இரட்டை மதிப்பு. வெளியே அகழியோரம் சைக்கிளில் கேன் கட்டிச் சுக்கு மல்லி காபி விற்றவரிடம் பத்து ரூபாய்க்கு ஒரு கோப்பை வாங்கினேன். கருப்பட்டி போட்டிருந்தார். எங்கிருந்து வாங்குகிறீர்கள் என்று கேட்டதற்கு, "உடன்குடி சரக்குமா, அத விட்டா ருசி வராது" என்றார். எங்கள் மாவட்டத்துச் சரக்கு. நான் இன்னொரு கோப்பை வாங்கிக்கொண்டேன்.

பத்து மணிக்கு விடுதிப் பொறுப்பாளரின் வீட்டிலிருந்து மூடிய தட்டு ஒன்று வந்தது. அதிரசம், முறுக்கு, அச்சுமுறுக்கு, பிளம் கேக். அவர் கிறித்தவர், மாடியில் தங்கியிருந்த ஒவ்வோர் அறைக்கும் ஒரு தட்டு. தட்டை வெறுமையாகத் திருப்பக்கூடாதே என்று நாங்கள் விழித்தோம். பெட்டியைத் துழாவியதில் ஆன்ட்டி கொடுத்த குல்குல் பொட்டலம் அகப்பட்டது. என் மூன்று கோணல் சங்குகளும் அதில் இருந்தன. பர்த்வான் பெரியவர் தன் தட்டில் வெல்லத் துண்டுகளை வைத்து அனுப்பியதைப் பார்த்தேன். அந்த வழக்கம் அவர் ஊரிலும் இருக்கிறதா என்று கேட்க வாய்ப்புக் கிடைக்கவில்லை, மனைவியை அழைத்துக்கொண்டு பரிசோதனைக்குப் புறப்பட்டுவிட்டார்.

டிசம்பர் 26, வெள்ளி (மார்கழி 11) – காட்பாடி

காட்பாடி நிலையத்துக்குப் போகும் வழியில், சாலையோர மண்பாதையில் இளைஞர்கள் ஒரு வெள்ளைக் காளையை ஓட்டிப் பழக்கிக்கொண்டிருந்தார்கள். தை பிறந்ததும் இந்தப் பக்கத்து ஊர்களில் காளை விடும் விழா தொடங்கும். மதுரைப் பக்கம் போலத் திமிலைத் தழுவுவது இங்கே இல்லை. தூரத்தை எத்தனை விநாடியில் கடக்கிறது என்பதுதான் பந்தயம். கைபேசியில் நேரம் பார்த்த பையன் முகம் மலர்ந்தது. காளையின் முதுகிலிருந்து ஆவி எழுந்தது.

வண்டி நாற்பது நிமிடம் தாமதம். நடைமேடைக் கடையில் இஞ்சித் தேநீர் வாங்கிக்கொண்டு கணக்குப் போட்டேன். பொங்கலுக்கு இன்னும் இருபது நாள் இருக்கிறது. ஊருக்குப் போனதும் உடன்குடியில் இரண்டு கிலோ கருப்பட்டி வாங்கி, ஓலைக் கொட்டானில் கட்டி, வேலூர் விடுதிக்கு அனுப்பினால் சங்கராந்திக்கு முன் போய்ச் சேர்ந்துவிடும். பெரியவரின் அறை எண்ணைத் தங்கை பயணச்சீட்டின் பின்புறம் எழுதி வைத்திருக்கிறாள்.